வேலி தாண்டிய குழி

ஏழாயிரம்பண்ணை டியூஷன் வாத்தியார் பாலகுரு புதையல் தோண்டினார் என்று ஊரே பேசியது. விசாரித்தால், குழி உண்மை, புதையல்தான் பொய்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி காளீஸ்வரன் இடிதாங்கி நட இடம் குறிக்கச் சொன்னார். "ஆபீஸ் வாசல்ல இருந்து வேம்பு இருக்க திசையில, பத்து மீட்டர் தள்ளி, சார்." டேப்பை இழுத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து நடந்தால் தீர்ந்தது. ஆனால் பிளஸ் டூவுக்கு வெக்டர் நடத்துகிறவர் அப்படி நடக்கலாமா?

வேம்பு வாசலிலிருந்து கிழக்கே மூன்று மீட்டர், வடக்கே நான்கு; நேர்த்தூரம் ஐந்து. இரண்டையும் ஐந்தால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் கிழக்கே ஆறு, வடக்கே எட்டு. பாலகுரு வகுக்க மறந்து பெருக்கிவிட்டார். திசை இம்மியும் பிசகவில்லை; தூரம்தான் ஐம்பது மீட்டர் ஆனது. முள்வேலி குறுக்கிட்டபோதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். கணக்கு பொய் சொல்லாது என்று வேட்டியை மடித்துக் கட்டித் தாண்டி, வள்ளித்தாயின் சோளக்காட்டில் தன் கையாலேயே குழி வெட்டினார்.

மறுநாள் டியூஷன் நடுவில் வள்ளித்தாய் வந்து நின்றாள். "என் காட்டுல என்னத்த சார் தேடுனீக?"

பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். வகுக்க மறந்தேன் என்றால் பாதிப் பேர் நாளைக்கே சாத்தூர் டியூஷனுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அதற்குத் திருட்டுப் பட்டமே மேல்.

"பானை கீனை கெடக்குமான்னு பாத்தேங்க்கா."

"கெடச்சுச்சா?"

"இல்லக்கா."

"அப்ப குழிய மூடிருங்க. ஆடு விழுந்துச்சு, ஒங்க வீட்டுலதான் கொண்டாந்து கட்டுவேன்."

"ஞாயித்துக்கெழம மூடிருதேன்."

ஞாயிறுகள் போய்க்கொண்டிருக்கின்றன. மண்வெட்டியோடு அவர் கிளம்பினால் பங்கு கேட்கப் பத்துப் பேர் பின்னால் வருகிறார்கள். குழி இன்னும் மூடப்படவில்லை.