கடைசியில் நிற்பவர்களுக்குக் கேட்கிறதா?

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பாக்கியம் அக்கா இறந்த செய்தியைக் கேட்டு ஒரு கல்யாண மண்டபமே சிரித்தது. சிரிக்க வைத்தவன் நான்.

ஒரத்தநாட்டில் ஒரு வரவேற்புக்கு மைக் செட் கட்டியிருந்தேன். மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி மைக்கில் ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, கட்சிக்காரத் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே." மைக்கை அணைக்க மறந்து, "எங்கடா, டெல்லிக்கா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றேன். பந்தியில் இருந்தவர்கள்வரை சிரித்தார்கள். போனில் அவன் அழுதான்.

இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். நாற்று பறித்த கை கோட்டைக்குப் போகிறது என்று ஊர் ஊராகக் கத்தியவன் நான்தான். அவர் ஊராட்சித் தலைவருக்கு நின்றதில் தொடங்கி எல்லாத் தேர்தலுக்கும் என் செட், என் தொண்டை. "ஏழைகளின் விடிவெள்ளியே" என்று ஆரம்பித்தால் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பார். "மைக்கு, வெள்ளியும் வேணாம், செவ்வாயும் வேணாம். நான் என்ன செய்வேன்னு சொல்லு. தெரியலைன்னா எங்கிட்ட குடு." எனக்கு அவர் வைத்த பெயரே மைக்குதான்.

மைக்கை வாங்கியதும் ஹலோ சொல்ல மாட்டார். "கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்குதா?" என்பார். காலனி ஆட்கள் எந்தக் கூட்டத்திலும் பின்னால்தான் நிற்பார்கள். அவரும் அங்கே நின்று வளர்ந்தவர். சட்டமன்றத்தில் முதல்முறை எழுந்தபோதும் அதையே கேட்டுவிட்டாராம். சபை சிரித்திருக்கிறது. விஷயத்துக்கு வாருங்கள் என்றிருக்கிறார்கள். "விஷயமே அதாங்க. எங்க ஊரு கடைமடை. தெறந்து விட்ட தண்ணி கடைசிவரைக்கும் வந்துச்சான்னு யாரும் கேக்குறதில்ல. அதான் நான் கேட்டுப் பழகிட்டேன்" என்றாராம். ஊருக்கு வந்து எங்களிடம் இதைச் சொன்னபோது, "பயத்துல வாயில வந்துருச்சு மைக்கு. அப்புறம் ஒரு மாதிரி சமாளிச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு சம்பா அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மறுத்தார்கள். குவிந்து கிடந்ததில் பாதிக்கு மேல் எங்கள் மேலத்தெரு நெல். என் அண்ணனுடையது முளைவிடவே தொடங்கிவிட்டது. அக்கா வந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அதிகாரிகளுக்குப் போன் போட்டார். "அய்யா, நெல்லுக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன். எடை போடுறவரைக்கும் நகர மாட்டேன். அவசரத்துல என்னையும் சேத்து எடை போட்டுறாதீங்க." சாயங்காலம் எடை போட ஆரம்பித்தார்கள். அண்ணன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த அண்ணனும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அந்த வீடு இருக்கும் தெருவுக்குள் ஒரு தேர்தலில்கூட அக்காவின் வேனை நான் விட்டதில்லை.

மற்ற தெருக்களில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வருவார்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டிலிருந்தும் தட்டு வராது. என் அண்ணியே வெளியில் வரமாட்டார். எனக்குத் தெரியும். அதனால் முனையிலேயே, "தெரு குறுகல்க்கா, வேன் திரும்பாது" என்று டிரைவரை வேறு பக்கம் ஒடிக்கச் சொல்லிவிடுவேன்.

"அறுவடை மிஷின் போற தெருவுல என் வேன் போவாதா தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். அன்றைக்கு மைக்கு என்று கூப்பிடவில்லை.

"உங்களுக்கு ஒரு அவமானம் வந்துடக் கூடாதுன்னுதான்க்கா."

"எனக்கா, உனக்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு எங்கள் தெருவுக்கு அவர் நிதியில் சிமெண்ட் சாலை வந்தது. திறப்பு விழாவுக்கும் ரிப்பனை முனையில்தான் கட்டினேன். வெட்டினார். தெருவை அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார்.

மூன்றாவது முறை நின்று தோற்ற மறுநாள் டவுன் பஸ்ஸில், கடைசி சீட்டில் இருந்தார். "இங்கதான் மைக்கு காத்து நல்லா வருது" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு கேள்விகள். ஒன்றை இனி எல்லா மேடையிலும் கேட்பேன். மற்றதை என்னிடம் மட்டும்தான் கேட்டுக்கொள்ள முடியும்.

அடக்கத்தன்று காலையில் துக்க அறிவிப்பை என் குரலில் பதிவு செய்து, குட்டியானை வண்டியில் ஓடவிட்டேன். மேலத்தெரு முனையில் டிரைவர் வழக்கம்போல ஒடிக்கப் பார்த்தார். "நேரா விடுங்க" என்றேன். மைக்கை எடுத்து, "கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்குதா?" என்று கேட்டுவிட்டு அறிவிப்பைப் போட்டேன். சரியாக எங்கள் வீட்டு வாசலில், எதிரே அறுவடை இயந்திரம் வந்து நின்றது. எங்களுக்குப் பின்னால் நெல் ஏற்றிய டிராக்டர். ஒருவரும் அசைய முடியவில்லை. அக்காவின் பெயர் அங்கேயே திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது.

அண்ணி வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "எப்ப எடுக்குறாங்களாம்?" என்றார். அதைத்தான் ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டிருந்தது. இருந்தாலும், "நாலு மணிக்கு அண்ணி" என்றேன். உள்ளே போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

இயந்திரத்தைப் பின்னால் எடுத்தபோது எங்கள் வீட்டு வாசல் ஓடுகள் சரிந்து விழுந்தன. ஸ்பீக்கர் குழாய் ஒன்றும் நசுங்கியது. தெரு உண்மையிலேயே கொஞ்சம் குறுகல்தான்.