முதல் ஷிப்ட் வாரத்துக் காய்ச்சல்

விடியற்காலை நாலரை மணிக்கு அப்பாவின் காக்கிச் சட்டைமேல் இஸ்திரிப் பெட்டி பட்டதும், எவ்வளவு துவைத்தாலும் போகாத இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த ஒரு சூட்டு வாசனை கிளம்பிக் கூடம் முழுக்கப் பரவும்; பாயில் படுத்திருக்கும் எனக்கு அந்த வாசனை வந்துவிட்டால், அந்த வாரம் அப்பாவுக்கு ‘ஃபர்ஸ்ட் ஷிப்ட்’ என்றும், எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்றும் அர்த்தம்.

அப்பாவுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால், நாலு குடித்தனம் இருந்த ஒரு வீட்டின் கடைசிப் ‘போர்ஷனில்’. ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதிய ஷிப்ட், அதற்கடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட் என்று அப்பாவின் வாழ்க்கை சுற்றிக்கொண்டே இருந்தது. மற்ற இரண்டு வாரங்களில் பகல் பொழுதில் அப்பா வீட்டில் இருப்பார், அல்லது தூங்கிக்கொண்டாவது இருப்பார். மதிய ஷிப்டுக்கு அவர் கிளம்பும்போது அம்மா சாப்பிட்டுத் தூங்கிவிடுவாள், எழுவதற்குள் நான் பள்ளி விட்டு வந்துவிடுவேன். காலை ஷிப்ட் வாரத்தில் மட்டும் ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவார், அதுவரை அம்மாவோடு யாராவது இருந்தாக வேண்டும்.

எனக்கொரு தம்பி பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். அதற்குப் பிறகு அம்மா, சமைத்துக்கொண்டே இருப்பாள், பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று ஒரு துண்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, “புள்ளைய ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துட்டேன், போய் எடுத்துட்டு வந்துடறேன்” என்று செருப்புக்கூடப் போடாமல் கிளம்பிவிடுவாள். ஒரு தடவை பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டாள். இன்னொரு தடவை ஆற்றுப் படித்துறையில், முழங்கால் தண்ணீரில் நின்றவளை யாரோ கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார்கள். வையம்பட்டியிலிருந்த சொந்தக்காரர்களுக்கு அப்பா ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். “வெளிய மூச்சு விடக் கூடாது வாசுகி. நாளைக்கு உன் கல்யாணத்துல வந்து நிக்கும்” என்பது அவர் எனக்கு அடிக்கடி சொன்னது. எனக்கு அப்போது பதினொரு வயது.

ஆகவே மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நான் வாசற்படியில் உட்கார்ந்து காவல் காத்தேன். அம்மா துண்டோடு வந்தால், “அப்பா கூட்டிட்டு வரப் போயிருக்காங்கம்மா, இப்ப வந்துடுவாங்க” என்று சொல்ல வேண்டும், சொன்னால் கேட்டுக்கொள்வாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நாட்களை நான் வெறுக்கவில்லை. நல்ல நேரங்களில் அம்மா எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னுவாள், அஞ்சாங்கல் ஆடி என்னைத் தோற்கடித்துவிட்டுக் கைகொட்டிச் சிரிப்பாள். அடுத்த திங்கட்கிழமை, ‘என் மகளுக்குக் காய்ச்சலாக இருந்தபடியால்’ என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லீவ் லெட்டருடன் போய் நிற்பேன்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்குச் சகுந்தலா டீச்சர். வருகைப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, என் பேருக்கு நேரே சிவப்பு மையில் வரிசை வரிசையாக இருந்த ஆப்சென்ட் குறிகளையெல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், “மூணு வாரத்துக்கு ஒரு தரம், திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். எங்க வீட்டுக்காரரும் ஷிப்ட்தான்டி, அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. உனக்கு வர்றது ஃபர்ஸ்ட் ஷிப்ட் காய்ச்சலா?” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அப்பாவை அழைத்து வரச் சொன்னார்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து, சாப்பாட்டுப் பையும் சிவந்த கண்களுமாக அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார், தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுவதற்குள் திரும்ப வேண்டிய அவசரத்தோடு. “வாங்க சார், உக்காருங்க” என்று மரியாதையாகத்தான் டீச்சர் ஆரம்பித்தார். “வீட்டு வேலைக்குப் புள்ளைய நிறுத்திக்கிறீங்களா? நல்லாப் படிக்கிற பொண்ணு சார். இப்படியே போனா பேரை எடுத்துடுவாங்க. பெத்தவங்க நீங்கதானே இதுக்குப் பொறுப்பு?” ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் புரிந்துகொண்டிருப்பார், அவ்வளவு நல்ல மனுஷி. அப்பா உட்காரவே இல்லை. “இனிமே ஒரு நாள்கூட லீவு போட மாட்டா டீச்சர்” என்றார். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் தம் பொறுப்பைச் செய்தார், அப்பாவும் தம் பொறுப்பை ஏற்றுக்கொண்டார், எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அடுத்த காலை ஷிப்ட் வாரம் ஒரு பூட்டு வந்தது.

அப்பா மூன்று மணிக்கே எழுந்து சமைத்து, கேஸ் சிலிண்டரை மூடி, தீப்பெட்டியைத் தம் பையில் போட்டுக்கொண்டு, பின்கட்டுக் கதவையும் அடைத்துவிட்டுப் போவார். கக்கூஸ் வெளியே, எல்லாக் குடித்தனத்துக்கும் பொது என்பதால், சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. எட்டரை மணிக்கு எங்கள் போர்ஷனின் முன்கதவைப் பூட்டும் வேலை என்னுடையது. முதல் நாள் அம்மா உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள், “வாசு, நான் உள்ள இருக்கேன்டி, பாக்காம பூட்டிட்டியா?” என்றாள். நான் தெருமுனை வரை ஓடினேன். அப்பாவிடம் ஒன்று போக, என் சாவி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் குலுங்கிக்கொண்டே வந்தது. அந்த வீட்டின் மற்ற மூன்று குடித்தனத்தாரும் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாள் போகப் போக அம்மாவே பழகிக்கொண்டாள். என் கையில் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று, “பூட்டிக்கோ, பெல் அடிச்சுடப் போறாங்க” என்பாள். அது தட்டியதைவிட மோசமாக இருந்தது.

ஏழாம் வகுப்பில் நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் தட்டும் சான்றிதழும் கொடுத்தார்கள், சகுந்தலா டீச்சர் முதல் வரிசையில் இருந்து கைதட்டினார். அம்மாவோடு இருக்க வேண்டியிருந்ததால் அப்பா வரவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எதுக்குடி குடுத்தாங்க?” என்று கேட்டாள். ஸ்கூலுக்கு ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை என்பதற்காக என்றேன்.

“அப்படின்னா எனக்கும் ஒண்ணு குடுத்திருக்கணும்ல? நானும் ஒரு நாள்கூட எங்கயும் போகலையே” என்றாள் அம்மா, துளியும் குத்தலில்லாமல், நிஜமாகவே சந்தோஷமாக.

அப்பா சாப்பாட்டின் பாதியில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. மறுநாள் அப்பா லீவு போட்டார். அம்மாவைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போய், அத்தனை காலமும் மூச்சு விடாமல் வைத்திருந்ததையெல்லாம் ஒரு டாக்டரிடம் முதன்முதலாகச் சொன்னார்.

மாத்திரைகள் வேலை செய்யச் சில வருஷங்கள் ஆயின, ஆனால் செய்தன. இன்று அப்பா இல்லை, அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். லீவ் லெட்டரும் சிவப்பு மையும்கூடப் போய்விட்டன. என் மகள் வகுப்பில் இல்லையென்றால் முதல் பீரியட் முடிவதற்குள் என் போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது, ஏன் என்று மட்டும் அதில் யாரும் கேட்பதில்லை.

அம்மா கடைசிவரை தெளிவாக என்னோடுதான் இருந்தாள். போன வருஷம், அவள் போவதற்கு ஒரு மாதம் முன்பு, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், இத்தனை வருஷமாகக் கேட்க முடியாததைக் கேட்டுவிட்டேன். “உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனேனேம்மா, என்மேல கோவமா?”

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீ எங்கடி பூட்டின? உங்கப்பால்ல பூட்டுனாரு. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த.”

அப்பா ஐந்து மணிக்கே போய்விடுவார் என்பது அவளுக்கு மறந்திருக்காது.