கதவுக்கு இரு பக்கமும்

காப்பி காயப்போடும் களத்தில், சாக்குகளுக்கு நடுவே கிடந்த இரண்டு பூனைக்குட்டிகளையும் என் கணவர்தான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மஞ்சள் ஆண், சாம்பல் பெண். ஒரே தட்டில் தின்று, ஒன்றையொன்று நக்கிவிட்டு, ஒன்றாகவே சுருண்டு உறங்கும்.

இரண்டாவது மழைக்காலத்தில் மஞ்சளுக்குச் சளி பிடித்தது. மருந்துக்கு அடங்கும், திரும்ப வரும். பிறகு வாயெல்லாம் புண். கூடையில் வைத்து சேலத்துக்கு பஸ் ஏறினேன். மலை இறங்கி அடிவாரம் வரும்வரை வளைவுக்கு வளைவு கத்தியது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"வைரஸுங்க. எதிர்ப்புச் சக்தியக் கொஞ்சங்கொஞ்சமா கொறைச்சிரும். அதைப் போக்க மருந்து கெடையாதுங்க. அப்பப்ப வர்ற நோவுக்குத்தான் வைத்தியம் பாக்கணும். மனுசங்களுக்கு ஒட்டாது. ஆனா பூனைக்குப் பூனை எச்சில்ல பரவும். ஊட்ல வேற பூனை இருக்குதுங்களா?"

சாம்பலையும் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்கு நோய் தெரியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பாக்கணுமுங்க. அதுவரைக்கும் பிரிச்சு வைங்க" என்றார்.

மஞ்சளைப் பின் அறையில் அடைத்தோம். தட்டு வேறு, துணி வேறு. அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மற்றதைத் தொடமாட்டேன். சாம்பல் நாள் முழுக்க அந்தக் கதவடியிலேயே கிடந்தது. கதவின் இடுக்கில் காலை விட்டுத் துழாவும். உள்ளிருந்து மஞ்சள் முனகும்.

"இதுங்களப் பாத்தா சோறு எறங்க மாட்டேங்குது கண்ணு" என்றார் என் கணவர்.

"ஒண்ணாச்சும் மிஞ்சட்டுமுங்க."

அந்த ஒரு நினைப்பில்தான் அத்தனை நாளும் மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தேன். மறுபரிசோதனையில் சாம்பலுக்கும் அந்த வைரஸ் இருந்தது. பிரிப்பதற்கு முன்பே தொற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

சாம்பலைக் கூடையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் முகத்தைப் பார்த்த கணவர் எழுந்துபோய்ப் பின் அறைக் கதவைத் திறந்துவிட்டார். மஞ்சள் தள்ளாடி வந்து, கூடைக்குள் தலையை விட்டு, சாம்பலின் காதை நக்கத் தொடங்கியது. அந்தப் புண் வாயால் எப்படித்தான் நக்கியதோ. நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பனிக்காலத்தில் மஞ்சளுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. மீனை மசித்து விரலில் தடவி நீட்டினாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒரு மத்தியானம் என் மடியிலேயே மூச்சு நின்றது. சில்வர் ஓக் மரத்தடியில் கணவர் குழி வெட்டினார். கல் பூமி, கடப்பாரை இறங்கவில்லை. இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார்.

சாம்பல் வீடு முழுக்கத் தேடியது. பிறகு தேடுவதை நிறுத்தியது. இப்போது அதற்கும் ஈறு வெளுத்திருக்கிறது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக வாயில் விடுகிறேன். பாதி வெளியே வழிகிறது.

போன வாரம் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "களத்துல இன்னொரு குட்டி சுத்துது. கொண்டாரட்டுமா?"

"இவ இருக்கற வரைக்கும் வேண்டாமுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. சாம்பல் என் மடியில்தான் படுத்திருந்தது.