கூரை விழும் என்றார் கப்பியார்

சுக்குத் தூசியின் காரம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கைகள் தாமாகவே தலையைப் பொத்திக்கொள்ளும். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள், எனக்குப் பழக்கம்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தேவாலயத்துக்குள் தமிழ்ப் பாட்டுக்குக் கொட்டு அடித்தால் கூரை இடிந்து எல்லார் தலையிலும் விழும் என்று சின்ன வயதில் மனதார நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

எழுபதுகளின் கடைசி அது. மலையாளிகள், இரண்டொரு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து யூதர் தெருவான ஜூ டவுன் கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைத்துக்கொண்டிருந்த நாங்கள் என்று மூன்று வகைச் சனம் ஒரே கூரையின் கீழ் முழங்காலிட்டோம். பாட்டு என்று வந்தால் மட்டும் இரண்டு வகைதான். எல்லா ஞாயிறும் மலையாளம், மாதத்தில் ஒரு ஞாயிறு கூடவே ஆர்கன் வைத்து ஆங்கிலம். எங்களுக்கு 'ஆமென்' மிச்சம், அது எல்லா மொழிக்கும் பொது என்பதால். தமிழ்க் கீர்த்தனைகளும் அப்பாவின் கஞ்சிராவும் எங்கள் வீட்டு ஜெபத்தோடு நின்றுகொண்டன.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குக் கஞ்சிராவோடு பாடப்போகிறோம் என்று அம்மா அறிவித்தாள். மறுநாளே தேவாலயக் கமிட்டியின் பதிலோடு கப்பியார் வந்துவிட்டார். மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பள்ளியைக் காவல் காக்கிறவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பள்ளி என்றால் அவர் வாயில் தேவாலயம்.

"சேச்சி, பாட்டு ஒண்ணு பாடிக்கோ. கொட்டு வேண்டா. உத்தரமெல்லாம் சிதலரிச்சுப் போச்சு. எரிகோ மதில் எங்ஙனயா விழுந்தது? சத்தம் கேட்டுத்தானே?"

"அது எக்காளம், சேட்டா. அதுல கொட்டுன்னு எங்க இருக்கு? போய் ஒழுங்கா வாசிச்சிட்டு வாங்க."

"கமிட்டி தீருமானம். கஞ்சிராவை வாசல்லயே வாங்கி வெச்சிருவேன், கேட்டோ."

சண்டையை அம்மா அப்போதைக்கு நிறுத்திக்கொண்டாள். எனக்கோ, சத்தத்தில் மதில் இடிந்து விழுந்த வேதாகம எரிகோவே போதுமானதாக இருந்தது. அடுத்து வந்த நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதும் உத்தரம் என் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. "கொட்டு வேண்டாம்மா" என்று அழுதேன். "ஏலே, கூரை விழுந்தா மலையாளத்துக்கும் சேர்த்துத்தான் விழும். பேசாம சோத்தைத் தின்னு" என்றாள்.

பண்டிகையன்று அவரவர் தொழிலின் முதற்பலனைப் பீடத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். மீன்காரர்கள் மீன் கூடையோடு போனார்கள், தோட்டமுள்ளவர்கள் வாழைக்குலையோடு. பிறகு அம்மாவும் கிடங்குப் பெண்களும் எழுந்தார்கள். கையில் கஞ்சிரா இல்லை. ஆளுக்கொரு முறம், அதில் மிளகும் சுக்கும். காணிக்கையை வாசலில் வாங்கி வைக்க எந்தக் கப்பியாராலும் முடியாதே!

பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அம்மா கீர்த்தனையின் முதலடியை எடுத்ததும் எல்லா முறங்களும் ஒன்றாக மேலே போய் ஒன்றாக இறங்கின. சளக், சளக், டப். கிடங்கில் நாளெல்லாம் புடைத்துப் புடைத்துக் கையில் ஊறிப்போன அதே தாளம். கமிட்டி தடுத்தது கொட்டை. புடைப்பதை யாரும் தடுக்கவில்லை.

நான்? வாசற்படியருகே, ஓடத் தோதாக நின்றுகொண்டிருந்தேன். சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோயிருந்த சோற்றுப்பானையின் மூடியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மிளகுத் தூசி காற்றிலேறியதை நான் கவனிக்கவில்லை. முதலில் தும்மியவர் ஆர்கன் வாசிக்கும் அம்மையார். பிறகு கமிட்டி, ஆள் விடாமல். கடைசியில் நான் தும்மிய தும்மலில் மூடி தலையிலிருந்து எகிறிக் கல்தரையில் 'ணங்' என்று விழுந்ததே, போச்சு, உத்தரம் வந்துவிட்டது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த 'ணங்' சரியாகச் சரணத்தின் முடிவில் விழுந்திருக்கிறது. "ஏலே, விடாத, எடுத்து அடி!" என்றாள், முறத்தை நிறுத்தாமலே. அம்மாவா உத்தரமா என்றால் அம்மாதான் பயங்கரம். மூடியை எடுத்து அடித்தேன். தாளம் பிசகவில்லை என்று இப்போது பீற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு ஒன்று விட்டு ஒன்றுதான் விழுந்தது.

பாட்டு முடிந்ததும் கப்பியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறங்களைப் பிடுங்க வந்தார். பாதிரியாரான அச்சன் அங்கியால் மூக்கைத் துடைத்தபடி அவரைக் கைகாட்டி நிறுத்தினார். "இருக்கட்டும். சேச்சி, இன்னொண்ணு பாடு" என்றார், சொல்லிவிட்டு அவரும் தும்மினார்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் ஒரு தமிழ்ப் பாட்டு உண்டு, முறத்தோடு. சபை பெருந்தன்மையாக இடம் கொடுத்தது என்று இப்போதைய விழா மலரில் எழுதுகிறார்கள். ஒருவரும் கொடுக்கவில்லை, ஐயா. நாங்கள் புடைத்து எடுத்துக்கொண்டோம்.

அம்மா இல்லை. கிடங்குகள் பழம்பொருள் கடைகளாகிவிட்டன. அங்கே சுவரில் தொங்கும் முறங்களை வெள்ளைக்காரர்கள் படமெடுத்துப் போகிறார்கள். கொட்டு வேண்டாமென்ற கமிட்டியே பொத்தானை அமுக்கினால் தவில் அடிக்கும் கீபோர்டு வாங்கியிருக்கிறது. தமிழ்ப் பாட்டு நிற்கவில்லை. கீபோர்டை அணைக்கச் சொல்லிவிட்டு மூடியை நான்தான் அடிக்கிறேன்.

அந்தப் பழைய கூரையும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏசி வைப்பதற்காகக் கமிட்டி கூடித் தீர்மானித்து, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒரு திங்கட்கிழமை அதைப் பிரித்து இறக்கினார்கள். உத்தரத்தில் கப்பியார் சொன்ன கறையான் இல்லை. அன்றைக்கு யாரும் பாடவுமில்லை.