வேண்டா கேட்ட பத்திரம்

படாளத்து வேண்டா யாரையும் முதல் பேச்சிலேயே நம்பினவள் இல்லை. பால் அளக்கிறவன் படியைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள், பிறகு அவன் முகத்தையும் பார்ப்பாள்.

அவள் புருஷன் பன்னீர்செல்வம் படூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேன் ஓட்டினான். வேலைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய பங்கில் இருநூறைத் தன் பேரிலும் வேண்டா பேரிலும் சேர்த்து வாங்கி வைத்துவிட்டு, தொண்ணூற்றாறில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அந்தப் பங்குப் பத்திரம் தகரப் பெட்டியில், நிலப் பத்திரத்துக்கு அடியில் கிடந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் போர்க்கிணறு போட அதை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது.

தொண்ணூற்றெட்டு ஆடியில் உரக்கடை திருவேங்கடம் வந்தான். பன்னீருக்குச் சித்தப்பா மகன்.

"அண்ணி, அந்தக் கம்பெனி கோர்ட்டு ஏறிடுச்சி. தொண்ணூறு ரூபா பங்கு நாப்பதுக்கு வந்து நிக்குது. இனிமே பொட்டலம் மடிக்கத்தான் ஆவும். உனக்காவ இருவதுன்னு நானே எடுத்துக்கிறேன். இங்க ஒரு கைநாட்டு வெய்."

"இன்னாத்துக்குக் கோர்ட்டு?"

அவன் சொன்னான். படூர் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு மென்பொருள் விற்கிறது. அதற்குள் ஓடுகிற முக்கியமான பாகத்தை ஒரு சின்னக் கம்பெனி எழுதித் தருகிறது. அந்தச் சின்னக் கம்பெனியைப் போட்டிக்காரன் முழுசாக விலைக்கு வாங்கப் பார்க்கிறான். வாங்கினால் சரக்கை நிறுத்திவிடுவான் என்று பயந்து, படூர்க்காரர்கள் தடை கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

"பொட்டலம் மடிக்கிற காயிதத்துக்கு இருவது ரூபாயா? உன் கடையில பழைய பேப்பருக்கா பஞ்சம்?"

"நல்லதுக்குச் சொன்னா..."

"நல்லதுக்குச் சொல்றவன் மை டப்பாவோட வரமாட்டான். போப்பா."

அவனை விரட்டிவிட்டாளே தவிர, கம்பெனி மேலும் அவளுக்குச் சந்தேகம் அரித்தது. இந்தக் கதை அவள் வீட்டிலேயே நடந்த கதை. கொழுந்தன் கூட்டுக் கிணற்றில் தன் பாதியை, வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையே இல்லாத சீனுவுக்கு விற்றான். அந்தக் கோடையில் சீனு என்ஜின் கொட்டகையைப் பூட்டினான். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்று பாகப் பத்திரத்தில் எழுதியிருந்தது. வேண்டா அதை எடுத்துக் காட்டியதும் சாவியை நீட்டினான். எழுதாமல் விட்டிருந்தால்?

ஆவணியில் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். வேண்டா மூன்று பஸ் மாறிப் படூர் போனாள். வாசலிலேயே லட்டும் காராசேவும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். பேசுவதற்கு முன்னாலேயே இனிப்பா என்று அதிலும் ஒரு சந்தேகம். பிரிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முதலாளி ஒரு மணி நேரம் பேசினார். பயப்பட ஒன்றுமில்லை என்று நாலு தடவை சொன்னார். வேண்டா எழுந்தாள்.

"ஐயா, நான் வேன் டிரைவர் பன்னீர் சம்சாரம். அந்தச் சின்னக் கம்பெனி யார் கைக்குப் போனாலும் உங்களுக்குச் சரக்கு குடுத்துதான் ஆவணும்னு பத்திரத்துல எழுதிக்கீதா?"

முதலாளி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் காகிதக் கட்டைப் பார்த்தார்.

"அம்மா, விஷயம் கோர்ட்டுல இருக்கு. அதைப் பத்திப் பேசக் கூடாது."

"பேசவாணாம் ஐயா. இருந்தா தலய ஆட்டுங்க, போதும்."

கூட்டம் சிரித்தது. முதலாளி தண்ணீர் குடித்தார். ஒரு தலையும் ஆடவில்லை.

மறுநாள் காலையிலேயே செங்கல்பட்டில் பங்குத் தரகரிடம் போனாள். தாளில் இருந்ததை இரண்டு பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கைநாட்டு வைத்தாள். நூற்றுத்தொண்ணூறு பங்கு நாற்பத்தொன்றுக்குப் போனது. போரில் இருநூற்று இருபது அடியில் தண்ணீர் வந்தது. தையில் கோர்ட்டு தடை தர மறுத்தது. பங்கு ஒன்பது ரூபாய்க்கு விழுந்தது.

ஆனால் ஐந்து வருஷம் கழித்து படூர்க்காரர்களும் போட்டிக்காரனும் சமாதானமாகி, பங்கு நூற்று முப்பதைத் தொட்டது. திருவேங்கடம் கொல்லைக்கே வந்துவிட்டான்.

"பாத்தியா அண்ணி? அவசரப்பட்டுட்ட!"

வேண்டா மடையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள். "மொதலாளி அந்தப் பத்திரத்த இப்பவாச்சும் காட்டுனானா?"

மிச்சம் பத்துப் பங்கு அவளிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆவணிக்கு ஆவணி படூர் போய் அதே கேள்வியைக் கேட்கிறாள். அவள் வாசலில் தலையைக் காட்டியதுமே முதலாளி தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடுகிறார்.