சரி என்று சொன்ன மூன்று பெட்டிகள்

பொன்செல்விக்குப் பால்காரர் மேலும் சந்தேகம், பாலின் மேலும் சந்தேகம். தென்காசிப் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் "குற்றாலம், குற்றாலம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். இவள் நேரே டிரைவரிடம் போய், "அண்ணாச்சி, இது குற்றாலந்தான போகுது?" என்று கேட்டுவிட்டுத்தான் படியில் கால் வைப்பாள். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். நல்ல பிள்ளைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் எதையும் ஒரே தடவையில் நம்பமாட்டாள். அந்தக் குணத்தைக் கட்டிக்கொண்டு அவள் செய்த தொழிலும் அப்படிப்பட்டது.

கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிற தொழில். தென்காசியில் வீட்டில் இருந்தபடியே எழுதினாள். குற்றாலத்தில் குமரகுரு என்பவருக்கு மூன்று லாட்ஜ் உண்டு. பேரருவிப் பக்கம் பெரியது, பழைய குற்றாலத்தில் ஒன்று, ஐந்தருவி ரோட்டில் ஒன்று. எந்த லாட்ஜில் இருப்பவரும் மூன்றில் எதிலும் அறை கொடுக்கலாம். கொடுத்த உடனே மற்ற இரண்டு இடத்துக்கும் தெரிந்துவிடும். சாரல் காலத்தில் மரம் விழுந்து நெட் போய்விட்டால் மூன்று கம்ப்யூட்டரும் தனித்தனியாகவே வேலை பார்க்கும். நெட் வந்ததும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஒரே அறையை இரண்டு பேர் கொடுத்திருந்தால், யார் முந்திக் கொடுத்தாரோ அவர் சொன்னதே செல்லும். இந்த ஏற்பாடு முழுவதும் பொன்செல்வி எழுதியது.

ஆனியில் சாரல் கட்டி அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், குமரகுரு போன் போட்டார்.

"ஏம்மா பொன்செல்வி, ஐந்தருவி லாட்ஜ் ஹாஜரா பீவி பண்ணுத வேலையக் கேட்டியா? நெட்டு இல்லாத நேரத்துல, பெரிய லாட்ஜுல குடுத்த ரூமுல வேற ஆளக் கொண்டு வச்சிருக்கா. இந்தச் சீசன்ல இது முதத் தடவ இல்ல. கேட்டா, நாந்தான் முந்திக் குடுத்தேன்னு சாதிக்கா. கம்ப்யூட்டர் அவ பிந்தித்தான் குடுத்தான்னு காட்டுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லாதுன்னுதான் நெனைக்கேன், அண்ணாச்சி."

"நெனைக்கேன்னு இழுக்காத. ஞாயித்துக்கிழம வந்து அவ மூஞ்சிக்கு முன்னால சொல்லு. அன்னைக்கே அவள வேலைய விட்டு அனுப்பிருதேன்."

ஹாஜரா பீவி அந்த மேசையில் உட்கார்ந்துதான் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தாள், ஒரு மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கள்ளத்தனம் செய்தாள் என்று ஒரு லாட்ஜில் அனுப்பிவிட்டால் குற்றாலத்தில் வேறு எந்த லாட்ஜும் அவளை வாசலில் ஏற்றாது. இது பொன்செல்விக்கும் தெரியும். தெரிந்தும், போனை வைத்ததும் அவள் மனசு முதலில் ஹாஜராவைத்தான் சந்தேகப்பட்டது. சீசனுக்குச் சீசன் கடையநல்லூரிலிருந்து அவள் தங்கச்சி குடும்பம் வேனில் வந்து இறங்குமே, அவர்களை எந்த அறையில் வைக்கிறாள்? அப்புறம் குமரகுருவைச் சந்தேகப்பட்டது. பழைய ஆளை அனுப்பிவிட்டுச் சொந்தக்காரப் பெண் யாரையாவது உட்கார வைக்கப் பார்க்கிறாரோ? கடைசியாகத் தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டது. அதுதான் அதிகம் உறைத்தது.

எழுதியதைச் சோதிக்க அவள் வீட்டில் ஒரு வழி வைத்திருந்தாள். தன் லேப்டாப்புக்குள்ளேயே மூன்று தடுப்புப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓட விடுவாள். துறைமுகத்து லாரியில் போகிற பெட்டியின் பெயரைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள், கன்டெய்னர் என்று. ஒரு பெட்டி பெரிய லாட்ஜ், ஒன்று பழைய குற்றாலம், ஒன்று ஐந்தருவி. நடுவில் இணைப்பை அறுத்துவிட்டு, ஒரே அறையை இரண்டு பெட்டியிலும் கொடுத்துப் பார்ப்பாள். மறுபடி சேர்த்து, யார் சொன்னது செல்லுகிறது என்று பார்ப்பாள். அன்றைக்கும் பார்த்தாள். முந்திக் கொடுத்தவருக்கே அறை. சரி என்று பச்சை விழுந்தது. மாற்றி மாற்றிச் செய்தாலும் பச்சை. அப்படியானால் ஹாஜரா செய்தது கள்ளத்தனம்தான்.

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அவள் புருஷன் ஜெபசிங் மத்தியானம் சாப்பிட வந்தான்.

"ஏட்டி, எல்லாம் பச்சையாத்தான இருக்கு? பெறகென்ன, சோத்தப் போடு."

"எப்பிடிப் பண்ணுனாலும் சரின்னே சொல்லுது. அதான் எனக்குச் சரியாப் படல."

"தப்புன்னு சொன்னா அழுவ, சரின்னு சொன்னாலும் முறைக்க. பொண்ணு பாக்க வந்த மறுநாளே, எனக்கு நெசமாவே கடை இருக்கான்னு செங்கோட்டைக்கு வந்து எட்டிப் பாத்தவல்லா நீ."

"கடை இருந்துச்சுல்லா? அதான் கட்டுனேன்" என்று சோற்றை வைத்தாள். மறுநாள் ஐந்தருவிக்குப் பஸ் ஏறினாள். டிரைவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினாள்.

ஹாஜரா தலையை நிமிர்த்தவில்லை. "வேவு பாக்க அனுப்பிருக்காவளோ?"

"நானாத்தான் வந்தேன், அக்கா."

"நீ எழுதுனதுதான என்னயத் திருடின்னு சொல்லுது? உக்காரு. நல்லாப் பாரு."

பொன்செல்வி உட்கார்ந்தாள். ஹாஜராவின் கையைப் பார்த்தாள், சாவி மாட்டுகிற பலகையைப் பார்த்தாள், வருகிறவர்கள் யாராவது ஹாஜராவுக்குக் கண் காட்டுகிறார்களா என்றும் பார்த்தாள். அப்போது ஈரத் துண்டோடு ஒருவர் மாடியிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார்.

"பன்னெண்டு மணிக்குத்தான காலி பண்ணணும்? இன்னும் கால் மணி கெடக்கு. அதுக்குள்ள வந்து கதவத் தட்டுதான்!" என்று போனை நீட்டினார்.

"போனு கெடக்கட்டும்" என்றாள் ஹாஜரா. "சொவத்துக் கடியாரத்தப் பாருங்க, இந்தக் கம்ப்யூட்டரப் பாருங்க. ரெண்டும் பன்னெண்டுன்னு சொல்லுதுல்லா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே பையைக் கட்டப் போய்விட்டார். பொன்செல்வி தன் போனை எடுத்துப் பார்த்தாள். பதினொன்றே முக்கால்.

"அக்கா, இந்த மணிய யாரு வச்சா?"

"மொதலாளிதான். அவிய அப்பா காலத்துலேர்ந்தே சொவத்துக் கடியாரம் கால் மணி முந்தித்தான் ஓடும். அப்பத்தான் சனங்க வெரசாக் கெளம்பும், ரூமக் கூட்டித் தொடைக்க நேரம் கெடைக்கும். கம்ப்யூட்டர் வந்த பெறகு ஆளுக அதக் காட்டிச் சண்டைக்கு வந்தாவ. அதையும் முந்தி வச்சுட்டு, இதுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டாவ."

மற்ற இரண்டு லாட்ஜிலும் இந்தப் பழக்கம் கிடையாது. யார் முந்தி என்பதை அவள் புரோகிராம் அந்தந்தக் கம்ப்யூட்டர் காட்டுகிற மணியை வைத்துத்தான் முடிவு செய்தது. இங்கே பதினொன்றே முக்காலுக்குக் கொடுத்தால் பன்னிரண்டு என்று பதியும், ஐந்து நிமிஷம் கழித்துப் பெரிய லாட்ஜில் கொடுத்தது முந்தியது ஆகிவிடும். அவள் வீட்டில் ஓடிய மூன்று பெட்டியும் ஒரே லேப்டாப்பின் வயிற்றுக்குள் இருந்தவை. ஒரே மணியைப் பார்த்தவை. அவற்றுக்குள் எப்படி வித்தியாசம் வரும்? சரி என்றுதானே சொல்லும்!

ஆனாலும் ஹாஜராவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தனக்குத் தோன்றியதையும் அவள் உடனே நம்புகிறவள் இல்லையே. ஜெபசிங் கடையில் கிடந்த மூன்று பழைய கம்ப்யூட்டர்களை ஆட்டோவில் ஏற்றி வந்து வீட்டுப் பெஞ்சில் வரிசையாக வைத்தாள். ஐந்தருவி என்று வைத்த ஒன்றில் மட்டும் மணியைக் கால் மணி முந்தி வைத்தாள். நடுவில் வயரைப் பிடுங்கினாள். ஐந்தருவியில் முதலில், பெரிய லாட்ஜில் சற்றுப் பொறுத்து, இரண்டிலும் ஒரே அறையைக் கொடுத்துவிட்டு வயரைச் செருகினாள். ஐந்தருவி பிந்தியது என்று வந்து நின்றது.

"சத்தமில்லாம திருத்திரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் ஜெபசிங்.

"திருத்துனா இனிமே சரியாயிரும். அந்த அக்கா பேரு?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவனே இரண்டு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

ஐந்தருவி லாட்ஜில் குமரகுரு கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முகத்தில் நம்பிக்கையே இல்லை. "நீயும் ஹாஜராவும் பேசி வச்சுக்கிட்டியளா?"

"நீங்களே செஞ்சு பாருங்க, அண்ணாச்சி. இது ஐந்தருவி, இந்த லாட்ஜு மாதிரியே மணி வச்சிருக்கேன். வயரப் பிடுங்குங்க. ஒரு ரூமக் குடுங்க."

அவர் வயரைப் பிடுங்கினார். அறையைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மற்றதில் ஹாஜரா அதே அறையைக் கொடுத்தாள். வயரைச் செருகியதும், குமரகுரு பிந்திக் கொடுத்தார், அவர் கொடுத்தது செல்லாது என்று எழுத்து வந்தது.

"எப்பிடிம்மா? நாந்தான முந்திக் குடுத்தேன்! நீங்க எல்லாரும் பாத்தியள்ல!"

"நானும் இதத்தான சொன்னேன், அண்ணாச்சி" என்றாள் ஹாஜரா.

குமரகுரு சுவரைப் பார்த்தார். அப்பா மாட்டிய கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மணிய முந்தி வச்சது நீங்க. மணிய நம்பி எழுதுனது நான். தப்பு என் மேலயும் இருக்கு" என்றாள் பொன்செல்வி. "அக்கா மேல இல்ல."

அவர் எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். ஹாஜரா விடவில்லை.

"டீ இருக்கட்டும், அண்ணாச்சி. மத்த ரெண்டு லாட்ஜுலயும் போயி என்னயப் பத்திச் சொன்னியள்ல? அங்கனயும் இதக் கொண்டுபோயிக் காட்டிட்டு வாங்க. பெறகு குடிப்போம்."

முதலாளி ஜெபசிங்கைக் கூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர்களைக் காரில் ஏற்றிப் போனார். இரண்டு லாட்ஜிலும் காட்டிவிட்டுத்தான் வந்தார்.

பொன்செல்வி புரோகிராமை மாற்றி எழுதிவிட்டாள். இப்போது அது எந்த லாட்ஜின் மணியையும் அப்படியே நம்புவதில்லை. ஹாஜராவும் அதே மேசையில்தான் இருக்கிறாள். ஆனால் பொன்செல்வி உள்ளே நுழைந்தால் அவள் முதலில் கேட்பது இதுதான்: "ஒன் போன்ல மணி என்னட்டி?" சொன்ன பிறகு, தன் போனை எடுத்து ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைக் காட்டுவாள்.