அழிக்காமல் விட்ட அம்பு

பக்தவச்சலம் சார் போன மாதம் இறந்துபோனார். சிட்லபாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷர். நானும் தலையை ஆட்டிவைத்தேன். செத்த வீட்டில் வேறு என்ன செய்வது? ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அவர் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நல்லவர் ஒரு காரியம் செய்தார், நான் அதற்கு உடந்தையாக இருந்தேன். தொண்ணூற்றெட்டு பிறந்து பாதி ஓடிவிட்டது, எனக்கும் வயது ஏறுகிறது. இதை எழுதாமல் போக எனக்கு இஷ்டமில்லை.

அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். நெடுநெடுவென்று உயரம், காதில் எப்போதும் ஒரு பென்சில். வீட்டுக் கல்யாணத்தில்கூட அந்தப் பென்சிலை எடுக்க மறந்தவர். நான் எழும்பூரில் கணக்கு டீச்சர். தினமும் குரோம்பேட்டையில் ஒரே ரயிலில் ஏறுகிற ஆறேழு பேரை அவர்தான் எண்பத்தொன்றில் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு இழுத்தார். “வாரம் பூரா ரயில்ல நின்னுகிட்டே போறோம். ஒரு நாள் நடந்து பார்ப்போமே” என்றார். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். கல்யாணமாகாத டீச்சர் ஆம்பிளைகளோடு ஊர் சுற்றுகிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று ஒரு கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு பட்டணத்துக்குள் நடப்போம். ஆள் அரவமில்லாத கோட்டைத் தெருக்கள், மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றிவிட்டுச் சாந்தோம் கடற்கரை, பாரிமுனைப் பக்கத்துப் பழைய கிடங்குச் சந்துகள். மற்ற ஞாயிறுகளில் தெற்கே. பரங்கிமலைப் படி ஏறி விமானம் இறங்குவதைப் பார்ப்போம். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஆரம்பித்துச் செம்பாக்கம் வரை போவோம். வண்டலூர்ப் பக்கத்துக் காட்டுக்குள் நுழைவோம். மற்ற வழிகாட்டிகள் போல எந்த ராஜா எந்த வருஷம் கட்டினான் என்றெல்லாம் அவர் உயிரை வாங்கமாட்டார். “இங்க வந்து நில்லுங்க” என்று ஓர் இடத்தை மட்டும் காட்டுவார். நின்றால், தினம் பார்த்துச் சலித்த ஊர் வேறு மாதிரி தெரியும். முந்தின வாரமே தனியாக வந்து அந்த இடத்தைத் தேடி வைத்திருப்பார். எனக்கு அவர்மேல் அளவு கடந்த மரியாதை இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

குழுவில் ஜெபசீலன் என்று ஒருவர் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். ஞாயிறு அதிகாலை ஆராதனையை அவர் விடமாட்டார். அது முடிந்து, மூக்குக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையும் தோல் ஷூவுமாக அப்படியே வருவார். நாங்கள் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவருக்காகக் காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். அதனால் பக்தவச்சலம் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். திரும்ப வேண்டிய இடங்களில் சாக்பீஸால் ஓர் அம்பு போட்டுவிட்டுப் போவார். அம்பு இல்லாவிட்டால் நேரே வர வேண்டும் என்பது ஏற்பாடு. சாக்பீஸ் என் பள்ளிக்கூடத்து உபயம். கடைசியில் வருகிறவர் ஜெபசீலன்தான் என்பதால், ஒவ்வொரு அம்பையும் ஷூவால் தேய்த்து அழித்துவிட்டு வருவது அவர் பொறுப்பு. நாங்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்துக்குச் சரியாக எங்கிருந்தோ பாடிக்கொண்டே வந்து சேருவார். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட வழி தவறியதில்லை.

எண்பத்தாறு ஏப்ரலில் திருநீர்மலைப் பக்கம் இரண்டு ஞாயிறு அடுத்தடுத்துப் போனோம். முதல் தடவை, மலைக்குப் போகும் வண்டிப் பாதையிலிருந்து இடது பக்கம் பிரியும் ஒற்றையடிப் பாதையில் போனோம். அந்தப் பக்கம் கல் உடைத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று உண்டு. அறுபது அடி செங்குத்தான பாறை, கீழே பச்சைத் தண்ணீர். கோடையிலும் வற்றாது. பாறை விளிம்பில் கொஞ்சம் இறங்கினால் திட்டு மாதிரி ஓர் இடம், பின்னால் கோயில் மலை. அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். பிரிகிற இடத்தில் ஒரு பாறையில் சார் அம்பு போட்டிருந்தார். ஆனால் அன்று ஜெபசீலன் வரவில்லை. அவர் மனைவி ரத்தினபாய், தன் அக்கா வீட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டாள். அவர் வராததால் அம்பை அழிக்க ஆள் இல்லை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு, அதே வண்டிப் பாதையில் நேரே கோயில் குளத்துக்குப் போனோம். நேர்வழி என்பதால் சார் அங்கே அம்பு போடவில்லை, அந்தப் பாறைப் பக்கம் யாரும் பார்க்கவும் இல்லை. குளத்துப் படியில் எட்டரை மணி வரை காத்திருந்தோம். “பொண்டாட்டி இந்த வாரமும் விடலை போல” என்று சிரித்தபடி ஜெபசீலன் பங்கு இட்லியையும் நாங்களே தின்றோம். 

பத்து மணி வாக்கில் திரும்பும்போது, பாதை பிரிகிற இடத்தில் ஆடு மேய்க்கும் முனியம்மா எதிரே ஓடிவந்தாள்.

“உங்க ஆளு யாருனா காணுமா சார்? கல்குட்டையில தொபுக்குனு சத்தம் கேட்டுச்சு. போயி பாத்தா ஆளு இல்ல. பாறை மேல மூக்குக் கண்ணாடிதான் கீது.”

எல்லாரும் ஓடினார்கள். பக்தவச்சலம் சார் மட்டும் ஓடவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். போன வாரத்து அம்பு பாறையில் வெள்ளை வெளேரென்று இருந்தது. மழை இல்லை, யார் காலும் படாத இடம். அதன் முன்னால் மண்டியிட்டு அவர் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். எச்சில் தொட்டு மறுபடியும் தேய்த்தார். நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்தார். 

ஜெபசீலனின் உடலை மத்தியானம் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். நீச்சல் தெரியாத மனுஷர். அம்பை நம்பிப் போய், கீழே எங்காவது நாங்கள் உட்கார்ந்திருப்போம் என்று, தேய்ந்த தோல் ஷூவோடு விளிம்பில் இறங்கிப் பார்த்திருக்கிறார். இது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். போலீஸ் தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டது. ஊர் வேறு மாதிரி பேசியது. நேர்வழியை விட்டு இந்த ஆள் தனியாக எதற்குக் கல்குட்டைக்குப் போனார்? ஆபீஸில் பிரமோஷன் தட்டிப்போன வருத்தம் இருந்ததாமே?

அடுத்த வாரம் பக்தவச்சலம் சார் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“டீச்சர், ரத்தினபாய்கிட்ட போய் நான் சொல்லிடறேன்.”

“சொன்னா போனவர் வந்துடுவாரா? உங்களுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு சார். நாளைக்கு ஒரு வரன் வந்தா ஊர் என்ன பேசும்? பேசாம இருங்க.”

அவர் பேசாமல் போனார். நல்ல யோசனை சொல்லிவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தினபாய் தானாகவே என்னிடம் வாயைத் திறந்தாள். அவர் இறந்த அன்று காலை வீட்டில் சண்டையாம். மகள் ஞானஜோதிக்கு மறுநாள் முழுப் பரீட்சை, ஒரு நாள் வீட்டில் இருந்து சொல்லிக்கொடுத்தால் என்ன என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். “போறதுன்னா ஒரேயடியா போயிடுங்க” என்று இவள் கத்தியிருக்கிறாள். எந்த வீட்டில் சொல்லாத வார்த்தை அது?

“ஒரேயடியா போயிட்டாரு டீச்சர். என் வார்த்தைக்குப் பதில் சொல்லிட்டுப் போயிட்டாரு” என்றாள். அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள்.

இதை சாரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்றார். நானும் சரி என்றேன். கிளம்பிப் போனவர், ரத்தினபாய் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்தார். அடுத்த தடவை சொல்லப் போனவர், ஞானஜோதிக்குச் சயன்ஸ் படங்கள் வரைந்து கொடுத்துவிட்டு வந்தார். அதற்கடுத்த தடவை ரேஷன் கார்டில் பெயர் திருத்தம். வருஷக்கணக்காக இதே கதைதான். சொல்லப் போவார், ஏதாவது ஒரு வேலையைச் செய்துவிட்டு வருவார். ரத்தினபாயும் அவரை வாய்க்கு வாய் புகழ்வாள். “சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டாங்க” என்பாள். அதைக் கேட்டுவிட்டு வருகிற நாளில் அவர் சாப்பிடமாட்டார் என்று அவர் மனைவி காந்திமதி சொல்லியிருக்கிறாள். அவளுக்குக் காரணம் தெரியாது. வயிற்றுக் கோளாறு என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

நடை அந்த ஞாயிறோடு நின்றுபோனது. வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு. அதைத் தவிர ஓர் அடி அவர் நடக்கவில்லை. ஏரிக்கரை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கேயும் போகமாட்டார்.

தொண்ணூற்றைந்தில் ஞானஜோதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பு வைக்க அம்மாவும் பெண்ணும் சார் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வர வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. அம்மாவோடு சேர்ந்து போக வேண்டுமாம். ஒன்பது வருஷத்தில் ரத்தினபாய் அந்தப் பக்கமே போனதில்லை.

“நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க அங்கிள்” என்றாள் ஞானஜோதி.

“நீ போய்ட்டு வா, நான் தடுக்கலையே” என்றாள் ரத்தினபாய். “நம்மள வேணாம்னு விட்டுட்டுப் போனவரை நான் எதுக்குப் போய்ப் பார்க்கணும்? எனக்கு அவர்கிட்ட பேச ஒண்ணும் இல்ல.”

சார் காபி டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். அவர்கள் போன பிறகு, “நாளைக்குக் காலைல போறேன் டீச்சர். நீங்களும் வாங்க. நீங்க பக்கத்துல இருந்தா வேற பேச்சு பேசிட்டு ஓடிவர முடியாது” என்றார்.

மறுநாள் குரோம்பேட்டையில் ரத்தினபாய் வீட்டுக்குப் போனோம். கல்யாண ஜவுளியைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். சார் உட்காராமல் நின்றபடியே சொன்னார். முந்தின வாரம் போட்ட அம்பு, அழிக்காமல் விட்டது, நேர்வழி என்று புது அம்பு போடாதது, கையால் தேய்த்து அழித்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நடுவில் நிறுத்தவில்லை. ஒன்பது வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஞானஜோதி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரத்தினபாய் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அப்ப அவரு உங்களையெல்லாம் தேடிக்கிட்டுத்தான் அங்க போனாரா?”

“ஆமாம்மா.”

“நான் சொன்னதுக்காகப் போகலையா?”

“இல்லம்மா. எங்ககூடச் சாப்பிட வந்தார்.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். புதுப்புடவை ஒன்று அவள் பாரத்தில் கசங்கியது. “தினம் ராத்திரி ஜெபம் பண்றேன் சார். செத்துப்போன எங்க அம்மா பேரு, தம்பி பேரு எல்லாம் சொல்லி நன்றி சொல்லுவேன். அவரு பேரை மட்டும் விட்டுடுவேன். ஒன்பது வருஷமா விட்டுட்டேன்” என்றாள். “நீங்க வாராவாரம் வந்துட்டுத்தானே இருந்தீங்க?”

சார் கை கூப்பினார். அவள் அதைப் பார்க்காமல் எழுந்து முகம் கழுவப் போனாள்.

“ஜோதி, செருப்பைப் போட்டுக்க. அப்பாவைப் பார்த்துட்டு வருவோம்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம். ரத்தினபாய் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள். சாரின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. படி இறங்கியவள் என் எதிரில் நின்றாள்.

“டீச்சர், உங்களுக்கு இது எப்ப தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் தெரியும் என்றால் நம்பியிருப்பாள்.

“அன்னிக்கே தெரியும்” என்றேன்.

அவள் சரியென்பது போலத் தலையை ஆட்டினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்து போனாள்.